கறையும் தூணும்

பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் நீல லிட்மஸ் தாளை அமிலத்தில் தோய்த்துச் சிவப்பாக்காதவர்கள் நம்மில் குறைவு. அந்தத் தாளின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதன்பிறகு நான்கு வருடம் பொறியியல், பத்து வருடத்துக்கு மேல் மென்பொருள் வேலை. விடை கிடைத்தது புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் ஒரு மண்பாதையில், வயதான ஒரு மாமரத்தின் அடியில்.

கூட வந்தவர் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர். மரத்தின் பட்டையில் சாம்பல் நிறத்தில் நாடா நாடாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றை ஒரு விரற்கடை அளவுக்குக் கிள்ளினார். காய்ந்த குப்பை என்றுதான் நான் நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து சிறிய பாட்டில் ஒன்றை எடுத்து ஒரு சொட்டு விட்டார். உள்ளே வீட்டில் துணி வெளுக்கும் பிளீச் கரைசல். விட்ட இடம் நொடியில் சிவந்தது.

“லிட்மஸுக்கு இது பங்காளி முறை தம்பி” என்றார்.

அதன் பெயர் ரோசெல்லா மொன்டாக்னேயி. லைக்கன் வகை. பாடப்புத்தகத்தில் ‘பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிரி’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்திருப்போம். பிரியாணியிலும் செட்டிநாட்டு மசாலாவிலும் போடுகிற கல்பாசியும் லைக்கன்தான். ரோசெல்லாவின் உறவினங்களிலிருந்துதான் லிட்மஸ் எடுத்தார்கள். ஆர்க்கில் என்ற ஊதாச் சாயமும் இவற்றிலிருந்தே வந்தது. பழைய முறையில் லைக்கனைப் புளித்த சிறுநீரில் வாரக்கணக்கில் ஊறப்போடுவார்கள். அம்மோனியாவும் காற்றும் பட்டு, சாம்பல் நிறப் பொருள் ஊதாவாகும்.

நான் அன்று அங்கே போனதற்குக் காரணம் ஒரு கட்டுரை. என்னுடைய கட்டுரைதான். அதை விமர்சிப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

*

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு இதழில் ‘தனிமரம்’ என்ற தலைப்பில் எழுதினேன். புதுச்சேரியில் பழைய வீடு ஒன்றின் காம்பவுண்டுக்குள் உயரமாக நிற்கும் ஒரு ஊசியிலை மரம் அதன் நாயகன். ஊரில் எல்லாரும் அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். அராகேரியா கொலும்னாரிஸ், குக் பைன். பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டு, தன் இனத்தோடு சேர முடியாமல், நிமிர்ந்து நின்று சாகும் அகதி என்று அதை வர்ணித்திருந்தேன். கட்டுரையின் கடைசிப் பகுதியில் எதிர்நிலைக்கு ஒரு லைக்கனை வைத்தேன். ‘இரண்டு உயிர்கள் ஒன்றையொன்று தாங்கி வாழும் நட்பு’. மரம் என்றால் தனிமை, லைக்கன் என்றால் உறவு. நாம் மரமாக இருக்கிறோம், லைக்கனாக மாற வேண்டும் என்று முடித்திருந்தேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கட்டுரை ஒரு ஒப்பீட்டின் மேல் நிற்கிறது. ஒப்பீடு தவறென்றால் கட்டுரை விழும். தமிழில் ஒப்பீட்டைச் சோதிக்க நல்ல கருவி ஒன்று உண்டு. தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை தோன்றும் வழிகளாக வினை, பயன், மெய், உரு என்று நான்கைச் சொல்கிறது. செயல், விளைவு, வடிவம், நிறம். உவமையாக வருவது உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் உவமைக்கான நிலைக்களன்களாகச் சிறப்பு முதலான நான்கைச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாகக் ‘கிழக்கிடு பொருள்’ என்று தாழ்வுக்கும் இடம் கொடுக்கிறது.

என் கட்டுரை இந்த நான்கில் எதையும் தொடவில்லை. மரம் என்ன செய்கிறது, லைக்கன் என்ன செய்கிறது என்று ஒரு வரி இல்லை. மரத்தின் உயரத்தை மட்டும் பார்த்து அதற்கு ஒரு குணம் கொடுத்தேன். லைக்கனின் இலக்கணத்தை மட்டும் படித்து அதற்கு ஒரு குணம் கொடுத்தேன். இரண்டு குணங்களும் என்னுடையவை. முகநூலில் எழுதினால் மன்னித்துவிடலாம். ‘இயற்கை எழுத்து’ என்ற பெயரில் இதைச் செய்வது வேறு விஷயம்.

*

முதலில் மரம்.

குக் பைனின் தாயகம் பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியா. 1774இல் ஜேம்ஸ் குக்கின் இரண்டாம் பயணம் அங்கே வந்தபோது, தொலைவில் கரையோரம் உயரமான ஏதோ கூட்டமாகத் தெரிந்தது. மரங்கள் என்றார் குக். கப்பலில் இருந்த இயற்கையியலாளர்கள், ஃபோர்ஸ்டர் தந்தையும் மகனும், பசால்ட் கல்தூண்கள் என்று வாதாடினார்கள். அருகில் போனதும் மரம் என்று தெரிந்தது. படித்தவர்கள் தோற்றார்கள். மகன் ஃபோர்ஸ்டர் பிற்பாடு வைத்த பெயரில் ‘தூண் போன்ற’ என்ற பொருள் இருக்கிறது. கல்லாகத் தெரிந்த மரம், மரமான பிறகும் பெயரில் தூணாகவே நிற்கிறது.

1853இல் பிரான்ஸ் நியூ கலிடோனியாவைத் தன்னுடையதாக அறிவித்தது. புதுச்சேரியும் அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ். இரண்டு காலனிகளையும் ஒரே பேரரசு ஆண்டது என்ற வரியை வைத்து என் பழைய கட்டுரையில் மூன்று பத்தி உருகியிருந்தேன். ஆனால் அந்த மரம் பேரரசால்தான் இங்கே வந்தது என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. இன்று எந்த நர்சரியிலும் தொட்டியில் வாங்கலாம். அகதிக் கதை எனக்குத் தேவைப்பட்டது, அதனால் மரத்தை அகதியாக்கினேன்.

‘நிமிர்ந்து நின்று’ என்று வேறு எழுதினேன். அதுவும் பிழை. 2017இல் ‘ஈகாலஜி’ ஆய்விதழில் வெளியான ஒரு ஆய்வில் ஐந்து கண்டங்களில் 256 குக் பைன் மரங்களை அளந்தார்கள். சராசரிச் சாய்வு 8.55 பாகை. வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கியும் தென் அரைக்கோளத்தில் வடக்கு நோக்கியும், அதாவது எங்கே இருந்தாலும் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்கிறது. கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போகச் சாய்வு கூடுகிறது. புதுச்சேரி ஏறக்குறைய 12 பாகை வடக்கில்தான் இருக்கிறது, அதனால் இங்கே கண்ணுக்கு எளிதில் தெரியாது. சார் கல்லைக் கயிற்றில் கட்டித் தூக்குக்குண்டு மாதிரி பிடித்துக் காட்டினார். லேசாகத் தெற்கே போயிருந்தது. ஒரு மரத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் ‘நிமிர்ந்து’ என்று எழுதும் முன் நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பது நிரூபணமாயிற்று.

*

இனி லைக்கன்.

1825இல் பிரான்ஸிலிருந்து கிளம்பிய சார்ல் பெலாஞ்சே என்ற இளைஞருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, புதுச்சேரியில் அரசுத் தாவரத் தோட்டம் அமைப்பது. இன்றைய தாவரவியல் பூங்காவின் தொடக்கம் 1826. அவருடைய பயணத்தில் சேர்ந்த பூவாத் தாவரங்களின் விவரம் நூலாக வந்தபோது, 1838இல் ரோசெல்லா மொன்டாக்னேயி என்ற பெயர் அச்சேறியது. பாரிஸில் இருந்த கமீல் மோந்தாஞ் என்ற அறிஞரின் நினைவாக வைத்த பெயர். இதே மோந்தாஞ்தான், புதுச்சேரித் தோட்டத்தில் பணியாற்றிய பெரோத்தே நீலகிரியில் சேகரித்த பூவாத் தாவரங்களை 1842இல் விவரித்தவர்.

அப்போது லைக்கன் ஒரே உயிர் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சுவிட்சர்லாந்துக்காரர் சைமன் ஷ்வெண்டனர், லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்தது என்று 1860களின் கடைசியில் அறிவித்தபோது, லைக்கன் வல்லுநர்களே கடுமையாக எதிர்த்தார்கள். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் அதைச் சொல்ல அவர் எடுத்த உவமை எஜமானும் அடிமையும். பூஞ்சை எஜமான், பாசிகள் அடிமைகள். பிறகு வந்தவர்கள் அதைத் திருமணம் என்றார்கள், நட்பு என்றார்கள், விவசாயம் என்றார்கள். 2016இல் டோபி ஸ்ப்ரிபில் குழு ‘சயின்ஸ்’ இதழில் சில லைக்கன்களில் மூன்றாவதாக ஒரு ஈஸ்ட்டும் இருப்பதைக் காட்டியது. திருமண உவமை அதோடு சங்கடத்தில் மாட்டிக்கொண்டது.

லைக்கன் மாறவில்லை. சொல்பவர்களின் காலம்தான் மாறியது. அடிமை முறை கண்முன் இருந்த நூற்றாண்டு அடிமையைப் பார்த்தது. நட்புக் கோரிக்கைகளின் நூற்றாண்டில் நான் நட்பைப் பார்த்தேன். வரலாற்றில் ஷ்வெண்டனருக்குப் பக்கத்தில் உட்கார எனக்குத் தகுதி இல்லை, பிழையில் மட்டும் உண்டு.

ஏனென்றால் இது நட்பு என்று சொல்ல முடியாத அளவுக்குச் சமமில்லாத உறவு. மாமரத்தடியில் சார் அதே நாடாவை நகத்தால் கீறினார். உள்ளே லேசான ஆரஞ்சு நிறம். “இதுதான் பாசி. பச்சைப்பாசி வகைதான், ஆனா மேல ஆரஞ்சு நிறமி ஏறி இருக்கும். டிரென்டிபோலியா. இந்த சாதிப் பாசிய நீ தெனம் பாக்கற. மழை முடிஞ்சா ஈரச் சுவத்துல செங்காவி மாதிரி படரும் பாரு, அது.” அதாவது அந்தப் பேரினத்தின் பாசிகள் பூஞ்சை இல்லாமலும் சுவரில் வாழும். இந்தப் பூஞ்சை பாசி இல்லாமல் இயற்கையில் தனித்து வாழ்வதில்லை. யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள்?

பெயர் யாருக்கு என்பது அடுத்த கேள்வி. தாவரவியல் பெயரிடல் விதிப்படி, ஒரு லைக்கனின் அறிவியல் பெயர் அதிலுள்ள பூஞ்சையை மட்டுமே குறிக்கும். ரோசெல்லா மொன்டாக்னேயி என்பது சட்டப்படி பூஞ்சையின் பெயர். பாசிக்குத் தனிப் பெயர். தமிழ் இதற்கு நேர் எதிராகச் செய்திருக்கிறது. கல்பாசி என்று பாசிக்குப் பெயர் கொடுத்துப் பூஞ்சையை விட்டுவிட்டது. ஒரு மொழி ஒருவரை மறந்தது, இன்னொரு மொழி மற்றவரை. அஞ்சறைப் பெட்டியிலும் அருங்காட்சியகத்திலும் ஒரே வகைப் பொருளுக்குப் பாதிப் பாதி நியாயம்தான் கிடைத்திருக்கிறது.

*

“சரி சார், அப்ப மரமாவது ஒத்த ஆளுதானே? லைக்கனுக்கு எதிரா மரத்த வெக்கறது சரிதானே?” என்று கேட்டேன். கட்டுரையில் பாதியையாவது காப்பாற்றப் பார்த்தேன்.

அவர் சொன்ன பதில் எனக்கு ஒரு பெயரை அறிமுகப்படுத்தியது. ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். ஜெர்மானியர். 1877இல் லைக்கன்களைப் பற்றி எழுதும்போது கூட்டுவாழ்வைக் குறிக்க ஒரு சொல்லை உருவாக்கியவர் இவர். அரசு இவரிடம் கேட்டது வேறு விஷயம். டிரஃபிள் என்ற விலையுயர்ந்த நிலத்தடிக் காளானை வளர்க்க முடியுமா என்று. அதற்காக மரவேர்களைத் தோண்டிப் பார்த்தவர், வேர் நுனிகளைப் பூஞ்சை உறைபோல் மூடியிருப்பதைக் கண்டார். 1885இல் அதற்கு மைக்கோரைசா, பூஞ்சைவேர், என்று பெயர் வைத்தார். நோய் என்று ஒதுக்காமல், இது மரத்துக்கு உணவூட்டுகிறது என்றார். லைக்கனைப் பார்த்துப் பழகிய கண்தான் வேரிலும் இரண்டு பேரைப் பார்த்தது.

அராகேரியா குடும்பத்து மரங்களின் வேரிலும் பூஞ்சை உண்டு. வகை வேறு. உறைபோல் மூடாமல் வேரின் செல்களுக்குள்ளேயே நுழைந்து கிளைவிடும். அது மண்ணிலிருந்து பாஸ்பரஸ் கொண்டுவருகிறது, மரம் சர்க்கரை கொடுக்கிறது. என் ‘தனிமரம்’ ஒருநாளும் தனியாக நிற்கவில்லை. கூட்டாளி மண்ணுக்குள் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை, பெயரில் இல்லாததால் தேடவும் தோன்றவில்லை.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கம் தாவிவிடுவது சுலபம். எல்லாமே கூட்டு, காடே ஒரு குடும்பம், மரங்கள் வேர்வழியே பேசிக்கொள்கின்றன என்று. தமிழிலும் இப்படி எழுதுகிறோம். சூசன் சிமார்ட் 1997இல் ‘நேச்சர்’ இதழில், பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்துக்கும் இடையே கார்பன் கைமாறுவதைக் காட்டினார். நல்ல சோதனை. அதன்மேல் கட்டப்பட்ட தாய்மரக் கதைகள் வேறு வகை. 2023இல் ஜஸ்டின் கார்ஸ்ட்டும் இருவரும் ‘நேச்சர் ஈகாலஜி அண்ட் எவல்யூஷன்’ இதழில் இந்தக் கூற்றுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, காட்டில் கிடைத்த ஆதாரம் சொல்லப்படும் அளவுக்கு இல்லை என்று காட்டினார்கள். ஆதரவான முடிவுகளை மட்டும் மேற்கோள் காட்டும் பழக்கம் அறிவியல் கட்டுரைகளிலேயே வளர்ந்திருக்கிறது என்றும் சொன்னார்கள். அந்த மூவரில் மெலனி ஜோன்ஸ் 1997 ஆய்விலேயே சிமார்டோடு இருந்தவர். தான் பங்கெடுத்த வேலையின் மேல் எழுந்த கதையைத் தானே திருத்தியிருக்கிறார். எனக்கு இது வெறும் அறிவியல் செய்தியாகப் படவில்லை.

*

அப்படியென்றால் இரண்டையும் ஒப்பிடவே கூடாதா? கூடும். நான்கு வழியிலும் செய்து பார்க்கலாம்.

வினை: மரம் வேரால் உறிஞ்சிய நீரைப் பத்து மாடி உயரத்துக்கு இடைவிடாமல் ஏற்றுகிறது. இலையில் மெழுகு பூசி நீரைக் காக்கிறது. லைக்கனுக்கு வேர் இல்லை, மெழுகும் இல்லை. வெயிலில் முழுசாகக் காய்கிறது, பனி பட்டால் ஊறி மறுபடி வேலையைத் தொடங்குகிறது. மரம் வறட்சியைத் தடுக்கிறது, லைக்கன் அதற்கு உடன்படுகிறது. வேரும் மெழுகும் இல்லாததால் காற்றில் இருப்பதெல்லாம் உள்ளே வரும். அதனால்தான் காற்று கெட்ட இடங்களில் பல லைக்கன்கள் முதலில் காணாமல் போகின்றன.

பயன்: ஒன்று மரக்கட்டையும் டிசம்பர் மாத நட்சத்திரத் தொங்கலும். இன்னொன்று சாயமும் லிட்மஸும். மெய்: தூண், நாடா. உரு: வருடம் முழுக்க அடர்பச்சை ஒன்று. மற்றது வெளியே சாம்பல், கீறினால் ஆரஞ்சு, பிளீச் பட்டால் சிவப்பு, அம்மோனியாவில் ஊறினால் ஊதா.

இந்த ஒப்பீட்டில் நீதி எதுவும் இல்லை. ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்மையாகவே மிஞ்சுகிறது. மரத்துக்குக் கூட்டு என்பது வாழும் வழி. அதை எடுத்துவிட்டால் மரம் நலியும், ஆனாலும் அது மரம்தான். லைக்கனுக்குக் கூட்டு என்பதுதான் உடம்பு. ஆய்வகத்தில் பூஞ்சையைத் தனியாக வளர்த்தால் நாடா வராது, உருவமில்லாத ஒரு திரள்தான் வரும். ஆக, இரண்டு ‘சிற்றினங்களை’ ஒப்பிடும்போது ஒரு பக்கம் முழு மரத்தையும் மறுபக்கம் ஒரு கூட்டணியில் பாதியையும் தராசில் வைக்கிறோம். ‘ஒன்று’ என்ற சொல் இரண்டு தட்டிலும் ஒரே எடை இல்லை. ஒப்பிடத் தொடங்கும் முன் விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் ‘ஒன்று’ என்று எண்ணுவதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பெயர் யாருக்குப் போயிருக்கிறது?

மென்பொருள் வேலையில் இது தினசரி அனுபவம். ஒரு செயலியின் பெயருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான நூலகங்கள், யாரோ இரவில் கண்விழித்து எழுதியவை. எந்த வரியை யார் எழுதினார் என்று ஒரு கட்டளையில் பார்க்கலாம். கட்டுரைகளுக்கு அப்படிக் கட்டளை இல்லை.

*

இருந்திருந்தால் ‘தனிமரம்’ கட்டுரையில் என்ன காட்டியிருக்கும்? மரத்தின் தாவரவியல் பெயர், கிறிஸ்துமஸ் மரம் வேறு சவுக்கு வேறு என்ற விளக்கம் (சவுக்கின் ஊசி உண்மையில் ஊசியிலை அல்ல, அது பூக்கும் தாவரம்), லைக்கன் என்ற எண்ணமே, எல்லாம் சார் ஒரு வருடம் கடற்கரை நடையில் சொன்னவை. நான் கேட்டுக்கொண்டேன், வீட்டுக்கு வந்து எழுதினேன், அனுப்பினேன். என் பெயரில் வந்தது. அவர் சொன்னவற்றில் சரியானவை தகவல்களாக நின்றன. அகதி, நட்பு, நிமிர்தல் என்ற பிழைகள் மட்டும் முழுக்க என் பங்களிப்பு. இணைந்து வாழ்வதைப் புகழ்ந்து எழுதிய கட்டுரையில் நன்றி என்று ஒரு வரி இல்லை.

அவர் இதைச் சொல்லிக் காட்டவில்லை. கட்டுரையோடு வந்த புகைப்படத்தைப் போனில் பெரிதாக்கி என்னிடம் கொடுத்தார். மரத்தின் அடிப்பட்டையில் வெளிர்சாம்பல் வட்டங்கள், அழுக்குக் கறை மாதிரி. “இது என்னான்னு பாத்தியா?” அவையும் லைக்கன்தான், பட்டையோடு அப்பிக்கொள்ளும் வகை. மரத்துக்கு எதிராக லைக்கனை நிறுத்திய கட்டுரையின் படத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. படம் எடுத்தவன் நான்.

பழைய கட்டுரையில் அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி இதழுக்கு எழுதப்போவதாகச் சொன்னேன்.

“பேரெல்லாம் வேணாம் தம்பி. அந்தக் கட்டுரைல எம்பேரப் போட்டா, அந்தத் தப்புக்கும் நான்தான் பொறுப்புன்னு ஆயிடும். மொதல்ல தப்ப திருத்து.”

அந்த நியாயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் இங்கேயும் அவர் பெயர் இல்லை, அவர் கேட்டதால். ‘தனிமரம்’ கட்டுரையின் கீழே நான்கு வரித் திருத்தம் சேர்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மரம் சாய்ந்திருக்கிறது, வேரில் பூஞ்சை உண்டு, லைக்கனை நட்பு என்றது தவறு, இந்தக் கட்டுரையின் தாவரவியல் அறிவு என்னுடையது அல்ல. தலைப்பை என்ன செய்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.